வழிபாடும் நீதியும் அன்றாடமும்: பஹாய் நோக்கு

பஹாய் சமயத்தில் வழிபாட்டுக்கும் சமூக நீதிக்கும் நடுவே சுவர் கிடையாது. காலையில் செய்யும் பிரார்த்தனையும், பகலில் பார்க்கும் வேலையும், மாலையில் அக்கம்பக்கத்தாரோடு உட்கார்ந்து ஊர்க் காரியம் பேசுவதும் அங்கே ஒரே கடமையின் பகுதிகள். ஆன்மா வளர்வது மனிதர்களுக்கு நடுவில்தான். நீதி இல்லாத இடத்தில் பக்தி நிறைவு பெறாது. இந்த நிலைப்பாட்டைக் கொள்கை அளவில் சொன்ன சமயங்கள் பல உண்டு. பஹாய் சமயம் இதைத் தேர்தல் முறை, மாதக் கூட்டம், நோன்பு விலக்கு, நன்கொடை விதி என்று சின்னச் சின்ன நடைமுறைகளாக வகுத்து வைத்திருக்கிறது. அதன் நோக்கை அறிய அந்த நடைமுறைகளைப் பார்ப்பதே நல்ல வழி.

இச்சமயத்தின் தொடக்கம் 19ஆம் நூற்றாண்டு ஈரானில். 1844 மே 22ஆம் நாள் இரவு ஷீராஸ் நகரில் சையது அலி முகம்மது என்ற 24 வயது வணிகர், மனித குலத்துக்குப் புதிய காலம் ஒன்று பிறந்துவிட்டதாக அறிவித்தார். ‘பாப்’ என்ற பெயரால் அறியப்பட்ட அவர் 1850 ஜூலை 9 அன்று தப்ரீஸில் பொது இடத்தில் சுட்டுக் கொல்லப்பட்டார். அவரைப் பின்பற்றியவர்களில் ஆயிரக்கணக்கானோர் உயிரிழந்தனர். எஞ்சியவர்களுள் முதன்மையானவர் மிர்சா ஹுசைன் அலி. 1817இல் தெஹ்ரானில் அரசுப் பதவி வகித்த செல்வக் குடும்பத்தில் பிறந்த அவரே பஹாவுல்லா. 1852இல் தெஹ்ரானின் சியாசால் நிலவறையில் சங்கிலியால் பிணைக்கப்பட்டு அடைபட்டிருந்த அவர், அடுத்த ஆண்டு பாக்தாதுக்கு நாடு கடத்தப்பட்டார். 1863 ஏப்ரலில் அங்குள்ள ரித்வான் தோட்டத்தில் தம் இறைப்பணியைத் தோழர்களிடம் வெளியிட்டார். பிறகு கான்ஸ்டாண்டிநோபிள், எடிர்னே என்று அலைக்கழிக்கப்பட்டு, 1868இல் பாலஸ்தீனத்தின் அக்கோ கோட்டை நகரில் சிறை வைக்கப்பட்டார். அந்நகரை அடுத்த பஹ்ஜியில் 1892இல் மறைந்தார்.

நீதி பற்றிய பஹாய் எழுத்துகளில் பெரும்பகுதி கைதியாகவும் நாடு கடத்தப்பட்டவராகவும் இருந்த ஒருவர் தந்தவை என்பதை இங்கே மனத்தில் இருத்த வேண்டும். அந்த நிலையில் இருந்துகொண்டுதான் அவர் விக்டோரியா அரசி, மூன்றாம் நெப்போலியன், ரஷ்யாவின் இரண்டாம் அலெக்சாந்தர், போப்பாண்டவர் ஒன்பதாம் பயஸ், ஈரான் ஷா ஆகியோருக்கு மடல்கள் விடுத்தார். படைச் செலவைக் குறைக்க வேண்டும், அந்தச் செலவின் சுமையைக் குடிமக்கள் தலையில் ஏற்றக் கூடாது, ஏழைகள் ஆள்வோரிடம் ஒப்படைக்கப்பட்ட அடைக்கலப் பொருள் என்பவை அவற்றில் திரும்பத் திரும்ப வரும் கருத்துகள். ஷாவுக்கான மடலைக் கொண்டுபோன பதீ என்ற 17 வயது இளைஞர் 1869இல் சித்திரவதை செய்து கொல்லப்பட்டார்.

பஹாவுல்லாவின் மூத்த மகன் அப்துல்-பஹா (1844–1921) இந்தப் போதனைகளுக்கு வாழ்க்கை விளக்கமாக அமைந்தவர். அக்கோவில் வெள்ளிக்கிழமைதோறும் அவர் வீட்டு வாசலில் ஏழைகள் கூடுவதையும், அவர் ஒவ்வொருவரையும் விசாரித்துக் கையில் காசு வைத்துவிட்டு நகர்வதையும், 1902இன் இறுதியில் அங்கே சென்ற அமெரிக்க வழக்கறிஞர் மைரன் ஃபெல்ப்ஸ் பதிவு செய்திருக்கிறார். அப்போதும் அப்துல்-பஹா கைதிதான். 1908இன் இளந்துருக்கியர் புரட்சிக்குப் பிறகே அவர் விடுதலையானார். முதல் உலகப் போரின்போது யோர்தான் ஆற்றுப் பக்கத்தில் பஹாய் உழவர்கள் விளைவித்த கோதுமையைச் சேமித்து வைத்து ஹைஃபா, அக்கோ மக்களின் பசி தீர்க்க அவர் உதவியதற்காக, 1920இல் பிரித்தானிய அரசு அவருக்கு ‘சர்’ பட்டம் அளித்தது.

ஆன்மிகம் பற்றிய பஹாய் கருத்தின் அடித்தளம் எளிமையானது. கடவுள் ஒருவர்; அவர் இயல்பு மனித அறிவுக்கு எட்டாதது. கிருஷ்ணர், புத்தர், ஜரதுஷ்டிரர், மோசே, இயேசு, முகம்மது என்று காலந்தோறும் வந்தவர்கள் ஒரே கல்வியின் அடுத்தடுத்த வகுப்புகளை நடத்திய ஆசிரியர்கள். சொர்க்கமும் நரகமும் இடங்கள் அல்ல; கடவுளுக்கு அருகில் இருப்பதும் தொலைவில் இருப்பதுமான ஆன்ம நிலைகள். தாயின் வயிற்றில் கை, கால், கண் உருவாவது பிறந்தபின் பயன்படுத்துவதற்காக. அதுபோல் இவ்வுலகில் உண்மை, கருணை, நேர்மை, பொறுமை ஆகிய குணங்கள் உருவாவது அடுத்த வாழ்வுக்காக. இவை தனிமையில் வளர்வதில்லை என்பதால் துறவை இச்சமயம் ஊக்குவிப்பதில்லை. துறவிகள் தனிமையை விட்டு வெளியே வந்து, மணம் செய்துகொண்டு, பிறருக்குப் பயன்படும் வேலையில் ஈடுபடலாம் என்று பஹாவுல்லா எழுதினார்.

சட்டங்களின் தொகுப்பான கித்தாபி-அக்தஸ் 1873 வாக்கில் அக்கோவில் அருளப்பட்டது. 15 வயது முதல் தினசரிக் கடமைப் பிரார்த்தனை உண்டு. மூன்று வகைப் பிரார்த்தனைகளில் ஒன்றை அவரவரே தேர்ந்துகொள்ளலாம். மிகச் சிறியதை நண்பகலுக்கும் சூரிய மறைவுக்கும் இடையே ஒரு நிமிடத்துக்குள் சொல்லி முடித்துவிடலாம். இதைத் தனியாகச் செய்ய வேண்டும். இறந்தவருக்கான பிரார்த்தனை ஒன்றைத் தவிரக் கூட்டுத் தொழுகை கிடையாது. ஒருவர் முன்னின்று நடத்த மற்றவர் பின்னால் நிற்கும் வரிசை அங்கே உருவாவதே இல்லை.

பஹாய் ஆண்டு 19 மாதங்கள் கொண்டது. மாதத்துக்கு 19 நாள். கடைசி மாதத்துக்கு முன் நான்கு அல்லது ஐந்து மிகை நாள்கள். ஆண்டின் கடைசி மாதம், மார்ச் மாத வாக்கில், சூரிய உதயம் முதல் மறைவு வரை நோன்பு. நோயாளிகள், கருவுற்றோர், பாலூட்டும் தாய்மார், பயணிகள், 70 வயதைக் கடந்தோர் ஆகியோருக்கு விலக்கு உண்டு. கடும் உடல் உழைப்பில் இருப்பவர்களுக்கும் விலக்கு உண்டு என்பது தனியே கவனிக்க வேண்டியது. மூட்டை தூக்குபவரும் வயலில் வெயில் முழுக்க நிற்பவரும் நோன்பு இருக்க முடியாதபோது அதை அவர்களுடைய பக்திக் குறைவாகச் சட்டம் எண்ணவில்லை. உழைப்பின் கடுமையைக் கணக்கில் எடுத்துக்கொண்டு சட்டமே வளைந்து கொடுக்கிறது. நீதி உணர்வு ஒரு வழிபாட்டு விதிக்குள் எப்படிக் குடியேறுகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேட வேண்டியதில்லை.

பஹாவுல்லா பாக்தாதில் இருந்தபோது, 1858 வாக்கில், டைகிரிஸ் ஆற்றங்கரையில் உலவியபடி அருளிய சிறு வாசகங்களின் தொகுப்பு ‘மறைமொழிகள்’. அதன் அரபுப் பகுதியில் இரண்டாவது வாசகமே நீதியைப் பற்றியது. நீதி என்றதும் நீதிமன்றமும் தண்டனையும் பங்கீடும் நினைவுக்கு வரும். அந்த வாசகம் வேறோர் இடத்தில் தொடங்குகிறது. அதன்படி நீதியால் மனிதனுக்குக் கிடைக்கும் முதல் பயன், பிறர் கண்ணால் பார்க்காமல் தன் கண்ணாலேயே பார்க்க முடிவதும், பிறர் அறிவைக் கடன் வாங்காமல் தானே அறிய முடிவதும்தான். அதாவது நீதி முதலில் ஒரு பார்வை. ஒரு மனிதரைப் பற்றி ஊர் சொல்வதை அப்படியே நம்பிவிடுபவர் கெட்ட எண்ணம் சிறிதும் இல்லாமலேயே அநீதி செய்துவிடுகிறார். சாதி, நிறம், மதம் சார்ந்த ஒதுக்கல்கள் எல்லாம் இப்படிக் கடன் வாங்கிய பார்வையில் வாழ்கின்றன. உண்மையை ஒவ்வொருவரும் தாமே ஆராய்ந்து அறிய வேண்டும் என்ற பஹாய் கொள்கையும், புறங்கூறுதல் மிகக் கடுமையாகக் கண்டிக்கப்படுவதும் இந்த ஓர் இடத்திலிருந்தே கிளைக்கின்றன. பஹாய் குடும்பத்தில் பிறந்த பிள்ளையும் 15 வயதுக்குப் பிறகு தன் நம்பிக்கையைத் தானே உறுதி செய்துகொள்ள வேண்டும்.

பார்வை மாறியதும் முதலில் இடிந்த சுவர் தீட்டு. 19ஆம் நூற்றாண்டு ஈரானில் யூதரும் ஜரதுஷ்டிர சமயத்தவரும் கிறித்தவரும் தீட்டுள்ளவர்களாக எண்ணப்பட்டனர். மழை நாளில் யூதர் தெருவில் நடந்தால் அவர்மேல் பட்ட நீர் தெறித்துப் பிறருக்குத் தீட்டாகிவிடும் என்று அவர்களை வெளியே வரவிடாத நகரங்கள் இருந்தன. அவர்கள் தொட்ட பழத்தை மற்றவர் வாங்க மாட்டார்கள். அவர்கள் குடித்த கிண்ணத்தில் குடிக்க மாட்டார்கள். தமிழ் வாசகருக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. கித்தாபி-அக்தஸ் எந்தப் பொருளுக்கும் எந்த மக்களுக்கும் தீட்டு என்பதே இல்லை என்று அறிவித்து, எல்லாச் சமயத்தவரோடும் நட்போடு பழகுமாறு பணித்தது. தூய்மை வேண்டும், அது சோப்பும் தண்ணீரும் சார்ந்த தூய்மை, பிறப்பைச் சார்ந்தது அல்ல.

இதன் விளைவு சாப்பாட்டு விரிப்பில் தெரிந்தது. ஹமதானில் யூதர்களும் யஸ்தில் ஜரதுஷ்டிர சமயத்தவர்களும் குறிப்பிடத்தக்க எண்ணிக்கையில் பஹாய்களாயினர். முஸ்லிம் குடும்பங்களிலிருந்து வந்தவர்களோடு அவர்கள் ஒரே விரிப்பில் உட்கார்ந்து ஒரே தட்டில் கை வைத்தபோது, பல நூற்றாண்டுப் பழக்கம் ஒன்று பிரசங்கம் ஏதுமின்றி முறிந்தது. உடனே எல்லாம் சரியாகிவிட்டதாகச் சொல்ல முடியாது. பழைய கூச்சம் போக ஒரு தலைமுறைக்கு மேல் ஆயிற்று. கலப்பு மணங்கள் அதற்குப் பிறகே பரவலாயின. இந்தியாவிலும் இது தொடர்ந்தது. 1960களில் மத்தியப் பிரதேசத்தின் மால்வா வட்டாரத்துக் கிராமங்களில் இச்சமயத்தை ஏற்றவர்களில் ஒடுக்கப்பட்ட சாதியினர் மிகுதி. பர்மாவில் பஹாய் சமூகத்தை வேரூன்றச் செய்தவர்களுள் ஒருவர் சென்னையில் பிறந்த சையது முஸ்தபா ரூமி. 1909 மார்ச் 21 அன்று பாபின் உடல் கார்மேல் மலையில் அடக்கம் செய்யப்பட்டபோது அதைத் தாங்கிய பளிங்குப் பேழை ரங்கூன் பஹாய்கள் செய்து அனுப்பியது. மலேசியாவில் தோட்டத் தொழிலாளர்களாக இருந்த தமிழர் பலர் இச்சமூகத்தில் இணைந்தனர். அந்நாட்டு பஹாய்களில் தமிழர் இன்றும் கணிசமானோர்.

அடுத்தது அதிகாரம். பஹாய் சமயத்தில் குருமார் கிடையாது. பாவ மன்னிப்புக்காக இன்னொரு மனிதரிடம் பாவத்தை அறிக்கையிடுவதும், பெரியவர் கையை முத்தமிடுவதும், பிரசங்க மேடையில் ஏறி நிற்பதும் கித்தாபி-அக்தஸில் தடை செய்யப்பட்டவை. ஒருவர் உயரத்திலும் மற்றவர் தாழ்விலும் இருப்பதைப் பழக்கப்படுத்தும் சடங்குகள் ஒவ்வொன்றாகத் தேடி நீக்கப்பட்டிருக்கின்றன. அடிமை வாணிகமும் அதே நூலில் தடை செய்யப்பட்டது. குருமாரின் இடத்தில் தேர்ந்தெடுக்கப்பட்ட சபைகள் வந்தன. ஊருக்கு ஒன்பது பேர் கொண்ட ஆன்மிகச் சபை, நாட்டுக்கு ஒரு தேசியச் சபை, உலகம் முழுமைக்கும் ஹைஃபாவில் உள்ள உலக நீதிமன்றம். 1921 முதல் 1957 வரை சமயக் காவலராக இருந்த அப்துல்-பஹாவின் பேரன் ஷோகி எஃபெண்டி இந்த அமைப்பை நாடு நாடாகக் கட்டியெழுப்பினார். உலக நீதிமன்றம் முதன்முதலாக 1963 ஏப்ரலில் தேர்ந்தெடுக்கப்பட்டது. ஐந்தாண்டுக்கு ஒருமுறை அதற்குத் தேர்தல்.

தேர்தல் நடக்கும் விதத்தில் இச்சமயத்தின் சமூக நோக்கு முழுவதும் அடங்கியிருக்கிறது. ஆண்டுதோறும் ரித்வான் திருநாளின் தொடக்கத்தில், ஏப்ரல் 20 வாக்கில், ஊரின் பஹாய்கள் கூடுகிறார்கள். வேட்பாளர் இல்லை. பெயர் முன்மொழிவதில்லை. பிரசாரம் கிடையாது, ‘இவருக்குப் போடலாமா’ என்று கணவனும் மனைவியும்கூடப் பேசிக்கொள்ளக் கூடாது. பிரார்த்தனை செய்துவிட்டு, நேர்மையும் அனுபவமும் பக்தியும் உள்ளவர்கள் என்று தம் மனச்சான்றுக்குத் தோன்றும் ஒன்பது பெயர்களை ஒவ்வொருவரும் தனியே எழுதி மடித்துப் போடுகிறார்கள். அதிக வாக்குப் பெற்ற ஒன்பது பேர் சபையாகிறார்கள். பதவியை நாடுபவர் கைக்கு அது போய்ச் சேர வழியே இல்லை. கடைசி இடத்துக்கு இருவர் சம வாக்குப் பெற்று, அவர்களில் ஒருவர் அந்தச் சமூகத்தில் சிறுபான்மையினராக இருந்தால் மறுவாக்கெடுப்பு இல்லாமல் இடம் அவருக்கே. ‘தெய்வ நீதியின் வருகை’ என்று அறியப்படும் 1938ஆம் ஆண்டு மடலில் ஷோகி எஃபெண்டி இதை வற்புறுத்தியிருக்கிறார். பாகுபாடு காட்டுவதானால் சிறுபான்மையினருக்குச் சாதகமாகக் காட்டுங்கள் என்பது அவர் வாதம். இட ஒதுக்கீடு பற்றி நீண்ட விவாத மரபு உள்ள தமிழ்ச் சூழலில் இவ்விதி தனிக் கவனம் பெறத் தக்கது.

தேர்ந்தெடுக்கப்பட்டவர்களுக்குத் தனிப்பட்ட அதிகாரம் எதுவும் இல்லை. சபை கூடியிருக்கும்போது மட்டுமே முடிவு பிறக்கும். அந்த முடிவுக்கு வரும் வழி கலந்தாலோசனை. முதலில் செய்தி என்ன, அதில் அடங்கிய அறநெறி என்ன என்று தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். பிறகு ஒவ்வொருவரும் தம் கருத்தைத் தயங்காமல் சொல்ல வேண்டும். சொல்லிவிட்டால் அக்கருத்து சபையின் சொத்து. சொன்னவர் அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டு சண்டை போடக் கூடாது, அது தள்ளப்பட்டால் மனம் நோகவும் கூடாது. ஒருமித்த முடிவு வராவிட்டால் பெரும்பான்மை. அதன் பிறகு எதிர்த்து வாக்களித்தவரும் அந்த முடிவை நிறைவேற்ற முழு மனதோடு உதவ வேண்டும். முடிவு தவறாகவே இருந்தாலும் ஒற்றுமையோடு செய்தால் தவறு விரைவில் வெளிப்பட்டுத் திருத்தப்படும். பிளவோடு செய்தால் தவறு முடிவில் இருந்ததா, ஒத்துழையாமையில் இருந்ததா என்று யாருக்குமே தெரியாமல் போகும் என்பது அப்துல்-பஹா தந்த விளக்கம். குடும்பத்திலும் இதே முறைதான். திருமணத்துக்கு மணமக்கள் இருவரின் விருப்பம் முதலில், பிறகு உயிரோடிருக்கும் பெற்றோர் அனைவரின் சம்மதம். பெற்றோர் துணையைத் தேர்ந்து திணிக்க முடியாது. பிள்ளைகள் பெற்றோரைப் புறக்கணிக்கவும் முடியாது.

பத்தொன்பது நாளுக்கு ஒருமுறை ஊரார் கூடும் விருந்துதான் பஹாய் அன்றாட வாழ்வின் அச்சு. பெரும்பாலும் யாராவது ஒருவர் வீட்டில் நடக்கும். முதலில் பிரார்த்தனையும் திருமறை வாசிப்பும். அடுத்து ஊர்ச் சபையின் அறிக்கை, வரவு செலவு, யோசனைகள். கடைசியில் உணவும் உரையாடலும். பிள்ளைகள் பிரார்த்தனை சொல்வார்கள். முதல்முறை பேசும் பாட்டியின் யோசனையும் சபைக்கு எழுதி அனுப்பப்படும். விருந்து என்ற பெயர் இருந்தாலும் செலவைப் பற்றி விருந்தளிப்பவர் கவலைப்பட வேண்டியதில்லை. தண்ணீர் மட்டும் கொடுத்தாலும் விருந்து முறைப்படி நிறைவேறும் என்று கித்தாபி-அக்தஸே சொல்லிவிட்டது. ஏழை வீடு தன் முறை வரும்போது கூனிக் குறுக வேண்டாம் என்பதைச் சட்டமே உறுதி செய்கிறது.

பணம், உழைப்பு பற்றிய போதனைகளிலும் இதே போக்கு. சேவை மனத்தோடு செய்யும் தொழில் வழிபாட்டுக்குச் சமம். ஒவ்வொருவரும் ஒரு தொழிலைக் கற்க வேண்டும். பிச்சை எடுப்பதற்குத் தடை உண்டு. அதே நேரம் உழைக்க இயலாதவரைக் காப்பது சமூகத்தின் கடமை. செல்வம் தீயது அல்ல. உழைத்துச் சேர்த்து மக்களுக்காகச் செலவிட்டால் போற்றத்தக்கது. ஆனால் கொழுத்த செல்வமும் கொடிய வறுமையும் அருகருகே இருப்பது அநீதி. அதைச் சட்டத்தால் கட்டுப்படுத்த வேண்டும், தொழிலாளருக்குக் கூலியோடு இலாபத்திலும் பங்கு வேண்டும் என்று அப்துல்-பஹா 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே வாதிட்டார். சீர்திருத்தம் உழவரிடமிருந்து தொடங்க வேண்டும் என்றும் சொன்னார். அவர் வரைந்த திட்டத்தில் ஒவ்வொரு கிராமத்துக்கும் ஒரு பொதுக் களஞ்சியம். அதை நிர்வகிக்க ஊரார் தேர்ந்தெடுத்த குழு. விளைச்சலிலும் கால்நடையிலும் வரி, வாரிசில்லாச் சொத்து, கேட்பாரற்றுக் கிடைத்த பொருள், புதையல், கனிமத்தில் ஒரு பங்கு, மக்கள் விரும்பித் தருவது என ஏழு வழிகளில் களஞ்சியத்துக்கு வரவு. வரி எல்லாருக்கும் ஒன்றாக இருக்காது. வருமானமும் தேவையும் சமமாக உள்ளவர் எதுவும் தர வேண்டியதில்லை. மிச்சம் கூடக் கூட விகிதமும் கூடும். பயிர் பொய்த்தவருக்குக் களஞ்சியம் கொடுக்கும். அனாதைகள், ஊனமுற்றோர், ஏழைகள், கல்வி ஆகியவற்றுக்கான செலவும் அதிலிருந்தே.

தனிமனிதர் அளவில் ‘ஹுகூகுல்லா’ என்ற கடமை உண்டு. வீடு, வீட்டுச் சாமான், தொழிற்கருவி, அன்றாடச் செலவு எல்லாம் போக மிஞ்சிய சேமிப்பு 19 மித்கால், அதாவது ஏறத்தாழ 69 கிராம் தங்கத்தின் மதிப்பை எட்டும்போது, அதில் 19 விழுக்காடு இறைவனுக்குரியது. இதை யாரும் யாரிடமும் கேட்டு வாங்க முடியாது. கணக்கு அவரவர் மனச்சான்றிடம் விடப்பட்டுள்ளது. சமயப் பணிக்கான நிதியை பஹாய்கள் மட்டுமே தரலாம். யார் எவ்வளவு தந்தார் என்று வெளியிடப்படுவதில்லை. கொடுத்தவரின் பெயரைக் கல்லில் பொறிக்கும் வழக்கத்துக்கு அங்கே இடமில்லை.

இனப் பாகுபாட்டில் இச்சமயம் எடுத்த நிலையை 1912 ஏப்ரல் 23 அன்று வாஷிங்டனில் நடந்த ஒரு விருந்து காட்டும். அமெரிக்கச் சுற்றுப்பயணத்தில் இருந்த அப்துல்-பஹா அன்று கறுப்பினத்தவரின் ஹோவர்ட் பல்கலைக்கழகத்தில் உரையாற்றினார். பின்னர் பாரசீகத் தூதரகப் பொறுப்பாளர் அலி-குலி கான் வீட்டில் தலைநகரின் பெரிய மனிதர்களுக்கு மதிய விருந்து. கறுப்பின வழக்கறிஞர் லூயிஸ் கிரகரி அப்துல்-பஹாவைச் சந்திக்க அங்கே வந்திருந்தார். விருந்துக்கு அவருக்கு அழைப்பு இல்லை. எல்லாரும் மேசைக்குச் சென்றதும் அவர் ஒதுங்கிக்கொண்டார். அப்துல்-பஹா எழுந்து கிரகரி எங்கே என்று கேட்டு, அவரை அழைத்துவரச் செய்து, தமக்கு வலப்பக்கத்து மரியாதை இருக்கையில் உட்கார வைத்துவிட்டு, எதுவும் நடவாததுபோல் பேச்சைத் தொடர்ந்தார். நிறப் பிரிவினை வழக்கமாக இருந்த நகரம் அது. அதே ஆண்டு செப்டம்பரில், அவர் ஊக்குவித்தபடி, கிரகரியும் லூயிசா மாத்யூ என்ற வெள்ளை ஆங்கிலேயப் பெண்ணும் நியூயார்க்கில் மணந்தனர். அத்தகைய மணத்தைத் தடுத்த மாநிலச் சட்டங்கள் செல்லாதவை என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளிக்க 1967 வரை ஆயிற்று. 1921இல் வாஷிங்டனில் பஹாய்கள் தொடங்கிய இன நல்லிணக்க மாநாடுகளுக்காகக் கிரகரி பல்லாண்டுகள் தென் மாநிலங்களில் ஊர் ஊராகச் சுற்றினார்.

பெண்களைப் பொறுத்தவரை தொடக்கமே துணிச்சலானது. பாபைப் பின்பற்றியவரும், கஸ்வீன் நகரைச் சேர்ந்த கவிஞரும் அறிஞருமான தாஹிரி 1848இல் பதஷ்த் என்ற சிற்றூரில் நடந்த மாநாட்டில் முகத்திரை இல்லாமல் ஆண்கள் முன் தோன்றினார், 1852இல் கொல்லப்பட்டார். ஆணும் பெண்ணும் சமம் என்பது பஹாய் கொள்கை. பிள்ளைகள் எல்லாரையும் படிக்க வைக்க வசதியில்லாத பெற்றோர் பெண்ணைத்தான் முதலில் படிக்க வைக்க வேண்டும் என்றார் அப்துல்-பஹா, அடுத்த தலைமுறையின் முதல் ஆசிரியர் தாய் என்பதால். தெஹ்ரானில் பஹாய்கள் நடத்திய தர்பியத் பள்ளிகளில் பெண்களுக்கானது 1911இல் தொடங்கியது. 1934இல் அரசு அவற்றை மூடியது. பம்பாயில் பாரசீகப் பெற்றோருக்குப் பிறந்த ஷிரின் ஃபோஸ்தார் 1950இல் கணவரோடு சிங்கப்பூரில் குடியேறி, 1952இல் அமைந்த சிங்கப்பூர் மகளிர் மன்றத்தின் செயலாளராகப் பலதார மணத்துக்கு எதிராகப் போராடினார். 1961இல் நிறைவேறிய பெண்கள் சாசனச் சட்டத்துக்கு அந்த இயக்கம் பாதை அமைத்தது. இந்தூரில் 1985இல் தொடங்கப்பட்ட பர்லி ஊரகப் பெண்கள் நிறுவனத்தில் பழங்குடிப் பெண்கள் சில மாதங்கள் தங்கி எழுத்து, தையல், சுகாதாரம், சூரிய அடுப்பில் சமையல் ஆகியவற்றைக் கற்று ஊர் திரும்புகிறார்கள். ஜாபுவா மாவட்டத்துக் கிராமங்களில் நரம்புச் சிலந்தி நோயை ஒழிக்க உதவியதற்காக 1992இல் ஐக்கிய நாடுகள் சுற்றுச்சூழல் அமைப்பு இந்நிறுவனத்தைப் பாராட்டியது. ஒரு விதிவிலக்கையும் சொல்லியாக வேண்டும். உலக நீதிமன்றத்தின் ஒன்பது உறுப்பினரும் ஆண்களே. பஹாய் எழுத்துகள் அப்படி வரையறுக்கின்றன. அதன் காரணம் காலப்போக்கில் விளங்கும் என்றார் அப்துல்-பஹா. மற்றச் சபைகள் எல்லாம் பெண்களுக்குத் திறந்தவை. பலரை இந்த விளக்கம் நிறைவு செய்வதில்லை என்பதும் உண்மை.

கட்சி அரசியலில் பஹாய்கள் சேர்வதில்லை. ஆளும் அரசுக்குக் கீழ்ப்படிவது, நம்பிக்கையை மறுக்கச் சொன்னால் மட்டும் மறுத்து நிற்பது என்பது அவர்கள் நெறி. அநீதிக்கு முன் இந்த நெறி என்ன செய்யும் என்பதற்கு ஈரானே விடை. 1979 இஸ்லாமியப் புரட்சிக்குப் பிறகு அங்கே 200க்கும் மேற்பட்ட பஹாய்கள் கொல்லப்பட்டனர். 1983 ஜூன் 18 அன்று ஷீராஸில் பத்துப் பெண்கள் தூக்கிலிடப்பட்டனர். அவர்களில் 17 வயது மோனா மஹ்மூத்நிஜாத் மீதான குற்றச்சாட்டுகளில் ஒன்று குழந்தைகளுக்கு வகுப்பு எடுத்தது. பஹாய் மாணவர்களுக்குப் பல்கலைக்கழகக் கதவு அடைக்கப்பட்டது. அவர்கள் முன்னேற்றத்தைத் தடுக்க வேண்டும் என்று 1991இல் அரசின் இரகசிய ஆவணமே குறிப்பிட்டது. வன்முறையில் இறங்காமல், பணிந்து முடங்கியும் போகாமல், வேலையிழந்த பேராசிரியர்கள் 1987இல் வீடுகளிலேயே ஓர் உயர்கல்வி நிறுவனத்தைத் தொடங்கினர். வரவேற்பறை வகுப்பறையாயிற்று, பாடக் குறிப்புகள் நகலெடுக்கப்பட்டு ஊர் ஊராகப் போயின. 1998இலும் 2011இலும் சோதனைகள் நடந்தன, கணினிகள் பறிக்கப்பட்டன, ஆசிரியர்கள் சிறை சென்றனர். வகுப்புகள் நிற்கவில்லை. இங்கே பட்டம் பெற்றவர்களை வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்கள் பல மேற்படிப்புக்கு ஏற்றுக்கொள்கின்றன.

வழிபாடும் சேவையும் இணைவதற்கு பஹாய் மரபு தந்த கட்டட வடிவம் வழிபாட்டு இல்லம். நடுவில் ஒன்பது வாயில் கொண்ட தொழுகை மண்டபம். சுற்றிலும் பள்ளி, மருத்துவமனை, முதியோர் இல்லம் போன்ற நிறுவனங்கள் என்பதே அதன் முழுமையான கருத்து. முதலாவது இல்லத்துக்கு 1902இல் அஷ்காபாதில் அடிக்கல் நாட்டப்பட்டது. ஈரானிலிருந்து ஓடிவந்த அகதிகள் அதைச் சுற்றி ஆண், பெண் பள்ளிகளும் மருத்துவ நிலையமும் நூலகமும் அமைத்தனர். சோவியத் அரசு அதைக் கையகப்படுத்தியது. 1948 நிலநடுக்கத்தில் சிதைந்து 1963இல் இடிக்கப்பட்டது. டெல்லியின் தாமரைக் கோயில் 1986 டிசம்பரில் அர்ப்பணிக்கப்பட்டது. 27 இதழ்களைக் கொண்ட அதை வடிவமைத்தவர் ஃபரிபோர்ஸ் சாபா. கட்டியது சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டிருந்த எல் அண்ட் டி நிறுவனத்தின் இசிசி பிரிவு. உள்ளே சிலையோ மேடையோ சொற்பொழிவோ இல்லை. எந்தச் சமயத்தின் திருமறையையும் ஓதலாம். மனிதக் குரலைத் தவிர வேறு இசை இல்லை.

2012 முதல் கவனம் சிற்றூர்ப் பக்கம் திரும்பியிருக்கிறது. குழந்தைகளுக்கு நற்குண வகுப்பு, 12 முதல் 15 வயது வரையுள்ள இளையோர் குழு, பெரியவர்களுக்குப் பயிற்சி வட்டம், வீடுகளில் பிரார்த்தனைக் கூட்டம் என்ற நான்கு பணிகள் வேரூன்றிய வட்டாரங்களில் உள்ளூர் வழிபாட்டு இல்லங்கள் கட்ட அவ்வாண்டு ஐந்து இடங்கள் அறிவிக்கப்பட்டன. கம்போடியாவின் பட்டாம்பாங், கொலம்பியாவின் நோர்தே தெல் காவுகா, கென்யாவின் மடுண்டா சோய், வனுவாட்டுவின் தன்னா, இந்தியாவில் பீகார் ஷரீஃப் ஆகியவை அவை. பட்டாம்பாங் இல்லம் 2017 செப்டம்பரில் திறக்கப்பட்டது. அடுத்த ஆண்டு திறந்த நோர்தே தெல் காவுகா இல்லம் இருப்பது கரும்புப் பயிருக்காகக் காடு அழிக்கப்பட்ட பகுதியில். அங்குள்ள ஆப்பிரிக்க வழிவந்த உழவர் குடும்பங்கள் கோயில் பணியோடு சேர்த்து, மறைந்துவந்த உள்நாட்டு மர வகைகளின் விதைகளைத் திரட்டி நாற்றங்கால் அமைத்து, இல்லத்தை ஒட்டிய நிலத்தில் காட்டை மீண்டும் வளர்த்துவருகின்றன.